பனியில் இருமிய டாக்ஸி

போன வாரம் மகனுடைய காரில் போய்க்கொண்டிருந்தேன். பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நின்றபோது என் சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு நடுக்கம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. “நாலுல ஒண்ணு அடிக்கலடா” என்றேன். “உனக்கு என்னம்மா தெரியும், சும்மா உக்காரு” என்று சிரித்தான். சர்வீஸ் சென்டரில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை வண்டிக்குள் ஒயரைச் செருகி, கையிலிருந்த திரைப்பலகையைப் பார்த்துவிட்டு, “ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் சார்” என்றாள். அப்போது மகன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா அடித்தார் என்று ஆரம்பித்தாலே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முகம் மாறிவிடுகிறது. டாக்டரிடம் போய்ப் பேசும்மா என்கிறார்கள். உங்களிடம் சொல்லலாம். அல்சூர் ஏரியைச் சுற்றிய சந்துகளில் என்னோடு வளர்ந்தவர்கள் நீங்கள். சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டால் எந்த வீட்டில் எந்தக் கதவு சாத்தப்படும் என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பா அதுவரை யாரோ ஒருவருடைய டாக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய டாக்ஸியை வாங்கினார். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. கதவைத் திறந்தால் பெட்ரோலும் பீடியும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். சீட்டு ரெக்ஸின் கிழிந்து தேங்காய் நார் வெளியே எட்டிப் பார்க்கும். மீட்டரின் மேலே தகரக் கொடி ஒன்று உண்டு, அதை மடக்கினால் டிங் என்று மணி அடிக்கும். அந்த மணிக்காகவே நான் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியில் ஏறுவேன். முன்னால் பம்பருக்கு நடுவில் ஒரு ஓட்டை. பேட்டரி படுத்துக்கொண்டால் அதற்குள் நீளமான இரும்பு ஹேண்டிலை நுழைத்துச் சுற்ற வேண்டும். இப்போதைய பிள்ளைகள் அந்த ஹேண்டிலைப் பார்த்தால் எதற்கு என்றே கேட்பார்கள். எனக்கு அது எதற்கெல்லாம் என்று நன்றாகத் தெரியும்.

ஆறு வீடுகளுக்கு ஒரு முற்றம், ஒரு குழாய். வண்டி அந்த முற்றத்தில்தான் நிற்கும். விடியற்காலை மெட்ராஸிலிருந்து வரும் ரயிலுக்கு அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருந்தாக வேண்டும். மூட்டை முடிச்சோடு இறங்குகிற கூட்டம்தான் அன்றைய பிழைப்பில் பாதி. சாயங்காலம் ஆனால் வண்டியை மாமாவிடம் கொடுத்துவிடுவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வாசலிலேயே படுப்பவர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது வாயில் ஒரு விசில் இருக்கும், கையில் எனக்கு வறுத்த பட்டாணிப் பொட்டலம் இருக்கும். அவர் என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மாமா என்பேன். இரண்டு மாமாவுக்கும் நடுவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற இடம் அப்படி.

அப்பா கெட்டவரா என்று கேட்காதீர்கள். அவர் அடிப்பார். குழாயில் தண்ணீர் நின்றால் குழாயை உதைப்பார். கதவு இறுக்கிக்கொண்டால் கதவை உதைப்பார். குழம்பில் உப்பு தூக்கலானால் அம்மாவின் காதோடு சேர்த்து ஒன்று வைப்பார். அம்மாவுக்கு அந்தப் பக்கக் காது பாதிதான் கேட்கும். ஆனால் அந்த டாக்ஸியை மட்டும் அவர் தொடும்போது விரலில் பூ இருப்பது போலத் தொடுவார். எனக்கு அந்த வண்டியின் மேல் பொறாமையாகவே இருந்தது.

அந்த வருஷத்து ஆயுத பூஜைதான் அவருக்குச் சொந்த வண்டியோடு முதல் பூஜை. காலையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பூக்கடையிலிருந்து மாலை வந்தது. வாழைக்கன்று இரண்டு பக்கமும் கட்டியாயிற்று. பூஜைக்கு மேஸ்திரியையும் அழைத்திருந்தார். எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் அவர். அப்பா உலகத்தில் யாருக்காவது பயந்தார் என்றால் அவருக்குத்தான், வண்டி அவர் கையில் அல்லவா இருந்தது.

அப்பா பித்தளைத் தட்டில் விபூதியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடிக்கு, சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு, மீட்டருக்கு, ஹாரனுக்கு என்று ஒன்றை விடாமல் மூன்று பட்டை போட்டு நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு பானெட்டைத் திறந்தார். உள்ளே ஒரு கறுப்பு மூடி, அதன் தலையில் ஐந்து ஒயர்கள் நட்டுக்கொண்டிருந்தன. “இது என்ன பாய்?” என்று கேட்டார்.

“இதுதான் பாய் வண்டிக்கு மூளை” என்றார் மேஸ்திரி. “இக்னிஷன் காயில்லேர்ந்து கரண்டு இதுக்கு வரும். இது நாலு பிளக்குக்கும் ஒண்ணொண்ணா பங்கு போட்டு அனுப்பும். இது இல்லேன்னா வண்டி வெறும் தகரம்.”

மூளை என்றால் நெற்றிதானே. அப்பா மிகவும் பக்தியோடு அந்த மூடிக்கு ஒயர்களுக்கு நடுவே விரலை நுழைத்து மூன்று பட்டை இழுத்தார். மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டியாக. சந்தனம், குங்குமம் எல்லாம். அது மட்டும் இரண்டு பூச்சு வாங்கிக்கொண்டது.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார். வண்டி கக்கக் என்று இருமியது. ஒரு பக்கமாக உதறியது. எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தோம். மேஸ்திரி கையைத் தட்டிச் சிரித்தார். “பட்ட கண்ணெல்லாம் கழியுது பாய், நல்லா கழியட்டும்!” என்றார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் சூட்டில் இருமல் நின்றது. திருஷ்டி கழிந்துவிட்டது என்று அப்பா எல்லோருக்கும் பொரி கொடுத்தார். இப்போது நினைத்தால் எனக்குக் கோபத்தில் சிரிப்பு வருகிறது. வண்டி முதல் நாளே சொல்லிவிட்டது. நாங்கள்தான் அதற்குக் கைதட்டினோம்.

தீபாவளி போனதும் பனி இறங்கியது. உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து ஏரிப் பனி எப்படி இருக்கும் என்று. குழாயடியில் நிற்பவர் யாரென்று தெரியாது. அந்தப் பனியில் ஒருநாள் விடியற்காலை வண்டி மறுபடியும் இருமியது. டுக் டுக் டுக் என்று மூன்று அடி, நாலாவது இடத்தில் ஒரு பள்ளம். திரும்பவும் மூன்று, திரும்பவும் பள்ளம். வண்டி முழுக்க நடுங்கியது. முற்றத்தைத் தாண்டி மேடு ஏறுவதற்குள் நின்றுவிட்டது. அப்பா ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் வந்து, கூட்டம் இறங்கி, மற்ற டாக்ஸிகள் எல்லாம் போய்விட்டிருந்தன.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அன்றிலிருந்து என்னையும் எழுப்பிவிட்டார்கள். நான் டிரைவர் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். அப்பா பானெட்டுக்குள் தலையை விட்டு, கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் ஒயரை ஒன்றொன்றாகப் பிடுங்குவார். நல்ல பிளக்கின் ஒயரைப் பிடுங்கினால் வண்டியின் சத்தம் இன்னும் கெடும். கெட்ட பிளக்கின் ஒயரைப் பிடுங்கினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றோ, அதுதான் வேலை செய்யாதது. மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருந்த வழி இது. மிதி குறைந்தால் அப்பா வந்து என் முழங்காலில் ஸ்பேனரால் தட்டுவார். பெரிய அடியில்லை. ஆனால் எலும்பில் படும். அப்படித்தான் என் காது பழகியது என்று மகனிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவைப் பைத்தியமாக்கியது எது தெரியுமா? ஒருநாள் இரண்டாவது பிளக் அடிக்காது. மறுநாள் இரண்டாவது நன்றாக அடிக்கும், நாலாவது செத்திருக்கும். வெயில் ஏறி வண்டியை மேஸ்திரியிடம் கொண்டுபோனால் நாலும் நன்றாக அடிக்கும். மேஸ்திரி பிளக்கை மாற்றினார். பாயிண்டைத் தேய்த்தார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அந்தக் கறுப்பு மூடியையும் கழற்றினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். உள்பக்கத்தை ஊதித் துடைத்தார். வெளிப்பக்கத்தில் விரல் படாமல் திருப்பி வைத்தார். “சாமி குறி இருக்குது பாய். நம்ம கை பட்டு அழிஞ்சா நல்லா இருக்காது” என்றார். அப்பாவும் ஆமாம் என்றார். அடுத்த ஆயுத பூஜை வரை அதை அழிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை.

மரியாதை தெரிந்த மேஸ்திரிக்கு ஒரு நாள் தன் பெயர் கெடுகிறது என்ற பயம் வந்துவிட்டது. டாக்ஸி ஸ்டாண்டில் சிரித்தார்களாம். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “என்கிட்ட வந்தா நல்லா ஓடுது, உன் வீட்டுல நின்னா கெட்டுப்போகுது. யாரோ கை வெக்கிறாங்க பாய். சாயங்காலம் யாரு ஓட்டுறான்?”

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மாமா இரண்டாவது கவளம் எடுத்திருப்பார். அப்பா தட்டோடு அவர் முகத்தில் உதைத்தார். சோறும் சாம்பாரும் சுவரில் வழிந்தன. “உன் கையில சாயங்காலம் சும்மா பட்டு மாதிரி ஓடுது. எனக்குக் காலையில செத்துப்போகுது. என்னடா பண்ற? சொந்த வண்டி வெச்சிருக்கேன்னு வயிறு எரியுதா?” என்றார். மாமா கண்ணில் விழுந்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு எதுக்கு மாமா எரியணும், நான் சாப்பிடறதே இந்த வண்டியிலதானே?” என்றார். அம்மா குறுக்கே வந்தாள். அவளுக்கும் விழுந்தது.

மறுநாள் விடியற்காலை வண்டி இருமியதும் அப்பா வாசலில் படுத்திருந்த மாமாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். நான் என் வழக்கமான இடத்தில், காலடியில் மிதியோடு. பானெட் திறந்திருந்தது. கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளியில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அப்பா ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி நீட்டினார். “இதைக் கையில பிடி. பிடிச்சுக்கிட்டு சத்தியம் பண்ணு, நான் வண்டியில கை வெக்கலைன்னு. உண்மையா இருந்தா உன்னை ஒண்ணும் பண்ணாது.”

“மாமா, அது கரண்டு மாமா.”

“பிடிடா!”

மாமா பிடித்தார். பிடித்துக்கொண்டு, “நான் கை வெக்கல...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவருடைய கை அவரைக் கேட்காமலே பின்னால் வீசியது, முழங்கை பானெட் விளிம்பில் போய் இடித்தது, அவர் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா முற்றத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி கத்தினார்: “பாத்தீங்களா? பொய் சத்தியம்! அதான் தூக்கி எறியுது!”

கதவுகள் திறந்திருந்தன. ஆறு வீட்டு ஆட்களும் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட அது மின்சாரம், யாரையும் எறியும் என்று சொல்லவில்லை. சிலர் தலையை ஆட்டினார்கள். மாமாதான் தரையிலிருந்தபடி சிரித்தார். பயத்தில் வந்த சிரிப்பு அது என்று இப்போது தெரிகிறது. “அப்ப நீங்க பிடிங்க மாமா, பாக்கலாம்” என்றார்.

அப்பா குனிந்து பம்பரிலிருந்த ஹேண்டிலை உருவினார். முதல் அடியைத் தடுக்க மாமா கையைத் தூக்கினார். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது. இரண்டாவது அடியும் அதே கையில். மூன்றாவது தோளில். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா, “பிடி அண்ணா, பிடி! சத்து ஹோகுத்தானே!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கன்னடத்தில் பிடி என்றால் விடு. விடு, செத்துவிடுவான் என்று அவள் ஒருத்திதான் சொன்னாள். அம்மா மாமாவின் மேல் விழுந்து கிடந்தாள். நான் மிதியிலிருந்து காலை எடுக்கவேயில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாததால் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

மாமா வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அடுத்த நாள் மாமா ஆஸ்பத்திரியில். வண்டியை யாரும் தொடவில்லை. ராத்திரி முழுக்க அப்பா தானே முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் சாவியைப் போட்டார். டுக் டுக் டுக், பள்ளம். டுக் டுக் டுக், பள்ளம்.

அந்த நிமிஷத்திலாவது அவர் நிறுத்தி யோசித்திருக்கலாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “சாபம் விட்டுட்டுப் போயிருக்கான்” என்றார். டார்ச் பிடிக்க ஆள் இல்லாததால் அம்மாவைக் கூப்பிட்டார். பொம்பளை கை பட்டால் வண்டிக்கு ஆகாது என்று அதுவரை அவளைக் கிட்டவே விட்டதில்லை. அவள் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் ஆடியது. அப்பா டார்ச்சைப் பிடுங்கி அவள் தலையில் அடித்தார். கண்ணாடி உடைந்து பல்பு செத்தது. பானெட்டுக்குள் இருட்டு.

அந்த இருட்டில்தான் தெரிந்தது. அம்மா பார்த்தாள். நானும் மிதியில் காலை வைத்தபடியே எழும்பி, அந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். கறுப்பு மூடியின் மேல், ஒயருக்கும் ஒயருக்கும் நடுவே, பனியில் ஈரமான அந்த மூன்று பட்டையின் மேல் நீலமாக ஒரு நெருப்பு எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஓடும்போதெல்லாம் என்ஜினில் பள்ளம் விழுந்தது. ஒரு பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு ஈர விபூதியில் வழி கண்டுபிடித்து வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. எந்த இடம் அதிகம் நனைந்ததோ அந்தப் பிளக் செத்தது. வெயில் வந்தால் காய்ந்தது. சாயங்காலம் மாமாவின் கையில் பட்டு மாதிரி ஓடியது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள்: “ஏங்க, விபூதியில நெருப்பு ஓடுது.”

“சாமி மேல பழி போடறியாடி!” என்று அப்பா கையை ஓங்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் அவள் முந்தானையைச் சுருட்டி, ஓடிக்கொண்டிருந்த என்ஜினில், அந்த மூடியை அழுத்தித் துடைத்தாள். அவளையும் தூக்கி எறிந்தது. குழாய்க்கட்டையில் போய் விழுந்தாள். இரண்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

என்ஜினில் பள்ளம் இல்லை. டுக் டுக் டுக் டுக். நாலும் சமமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடியது. என் காலடியில் மிதி அசையாமல் நின்றது. அப்பா ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அம்மா தரையிலிருந்து எழுந்து, “இப்ப என் தம்பி கையைச் சரி பண்ணுங்க” என்றாள்.

அப்பா பானெட்டைச் சாத்தினார். என்னை இழுத்து வெளியே விட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அன்று ரயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். முற்றத்தில் கிடந்த ஹேண்டிலை அம்மா எடுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஏரியில் வீசினாள். அது விழுந்த இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் வீட்டில் அடி விழுந்தது. நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டே வாங்கிக்கொண்டாள்.

இனி வருவதுதான் எனக்கு ஆறாதது. வண்டி சரியாகிவிட்டது அல்லவா? தெருவில் என்ன பேசினார்கள்? “பாத்தியா, அவன் போனான், வண்டி சரியாச்சு.” டாக்ஸி ஸ்டாண்டில் அதே பேச்சு. மேஸ்திரியும், “நான் அப்பவே சொன்னேனே” என்றார். அம்மா ஒவ்வொரு வாசலாக நின்று விபூதியைப் பற்றிச் சொன்னாள். விபூதியால் வண்டி கெடுமா என்று சிரித்தார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தம்பிக்காகச் சாமியையே குற்றம் சொல்கிறாள் என்றார்கள். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அப்பா. அவர் கேட்டுக்கொண்டு பீடி பிடித்தார். நானும் சொன்னேன். பத்து வயதுப் பெண் சொல்வதை யார் கேட்பார்கள்?

மாமாவின் கை கோணலாகவே கூடியது. மணிக்கட்டு திரும்பாது. கை நேராகக் கூடியிருந்தாலும் அவருக்கு யாரும் வண்டி கொடுத்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டு வண்டியையே கெடுத்தவன் என்று பெயர். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விசிலும் இல்லை, பட்டாணியும் இல்லை. அம்மா அந்த வருஷம் முழுக்க எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எதை என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அதே வாழைக்கன்று, அதே மாலை, அதே பித்தளைத் தட்டு. முற்றம் நிறைய ஆட்கள். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சொல்லி அனுப்பி மாமாவும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. சந்து முனையில், கோணல் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா சுற்றி வந்து பட்டை போட்டார். கண்ணாடிக்கு, சக்கரத்துக்கு, மீட்டருக்கு. பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குப் போட்டார், ரேடியேட்டருக்குப் போட்டார். கறுப்பு மூடியிடம் வந்தபோது விரல் நின்றது. அதைத் தாண்டிப் போய் ஹாரனுக்குப் பொட்டு வைத்தார்.

அம்மா அதற்காகத்தான் காத்திருந்தாள். “அதுக்கு ஏன் வெக்கல?” என்று கேட்டாள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. அப்பா திரும்பிப் பார்த்தார். “வண்டிக்கு மூளையாச்சே, போன வருஷம் வெச்சீங்களே, இந்த வருஷம் ஏன் வெக்கல?”

அப்பா பதில் சொல்வதற்குள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, “ஏறு. ஸ்டார்ட் பண்ணு” என்றாள். நான் ஓடிப்போய் ஏறி, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். நாலும் சமமாக ஓடியது. அம்மா ஈர விபூதியை அள்ளி, குழாயடியில் பாத்திரத்துக்குச் சாம்பல் தேய்ப்பது போல அந்த மூடி முழுக்கப் பூசினாள்.

வண்டி இருமியது. டுக் டுக், பள்ளம், டுக், பள்ளம். அம்மா முந்தானையால் துடைத்தாள். கரண்டு கையை உதறியது, பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். நாலும் ஓடியது. திரும்பவும் அள்ளிப் பூசினாள். இருமியது. மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரும்பவும் துடைத்தாள்.

அப்போதுதான் அப்பா தட்டைப் பிடுங்கி அதன் விளிம்பாலேயே அவள் வாயில் அடித்தார். விபூதி எழும்பி எல்லோர் தலையிலும் விழுந்தது. அம்மா முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு அடி. “எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கறியாடி!” என்று இன்னொரு அடி. ஒரு கையால் அவளை அடித்துக்கொண்டே இன்னொரு கையை என் பக்கம் நீட்டி, “ஆஃப் பண்ணுடி!” என்று கத்தினார். நான் ஆஃப் பண்ணவில்லை. மிதியை அழுத்தினேன். நாலு பிளக்கும் ஒன்று தவறாமல் அடித்துக்கொண்டிருந்தன. மாமா சந்து முனையிலிருந்து ஓடிவந்தார். நன்றாக இருந்த கையால் அப்பாவைத் தள்ளிவிட்டு நடுவில் நின்றார். ஸ்டாண்ட் ஆட்கள் அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் அந்தக் கன்னடக்கார அக்காவைத் தவிர யாரும் பிடிக்கவில்லை.

அம்மா தரையில் துப்பினாள். ரத்தத்தோடு ஒரு பல் வந்தது. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள்.

“கேட்டுச்சா?” என்றாள்.

விபூதி படிந்த தாடியோடு மேஸ்திரி முன்னால் வந்தார். மாமாவின் கோணல் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கண் பானெட்டுக்குள்ளேயே இருந்தது.

“கேட்டுச்சு தங்கச்சி” என்றார்.